இருபத்திரண்டு வரி

மணி இரண்டரை. உறையூரில் அந்த வெயிலுக்கு நாய்கூடச் சந்தில் தலைகாட்டாது. சற்குணம் வாசல் கதவைத் தாழ் போட்டார், போட்டது சரியாக விழுந்ததா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், பிறகு காலையிலிருந்து நாலு தடவை உட்கார்ந்து நாலு தடவை எழுந்துவிட்ட அதே நாற்காலியில் ஐந்தாவது தடவையாக உட்கார்ந்து அந்தக் கடைசித் தாளைக் கையில் எடுத்தார். 'எவன் பிள்ளையுமில்லை' நாவலின் புதிய பதிப்பு. அவர் எழுதியது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டே எழுதி, அதற்கப்புறம் எழுதிய ஆறு புத்தகத்தையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாமல், இந்த ஒன்றை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிற நாவல். பிழை பார்க்க அனுப்பியிருந்த தாள்களில் மற்றதையெல்லாம் நேற்றே முடித்தாயிற்று. இந்தக் கடைசித் தாளில் இருப்பது ஆறே ஆறு வரி. 'ரயில் நகர்ந்தது. வைரவன் திரும்பிப் பார்க்கவில்லை' என்று ஆறாவது வரி முடிகிறது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை. பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிற ஜெசிந்தா காலையில் போனில் சொன்னாள்: "சார், கடைசிப் பக்கம் முக்கால்வாசி வெறுமனே கிடக்கு. பார்க்க ஒரு மாதிரி இருக்கு. ஏதாச்சும் குறிப்பு எழுதித் தந்தீங்கன்னா போட்டு நிரப்பிடலாம். நாலு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பிடுவேன் சார், அதுக்கு மேல என் கையில இல்ல." நிரப்பிடலாமாம். அந்தப் பெண் பாவம், அவளுக்கு என்ன தெரியும். அளந்து பார்க்கவே வேண்டாம், பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வரி தாராளமாகப் பிடிக்கும்.

அந்த இருபத்திரண்டு வரியில் வைரவன் திரும்பி வருகிறான். உலகத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் இது தெரிந்தவர் சற்குணம் ஒருவர்தான், அல்லது அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படித்தவர்களுக்குத் தெரிந்த வைரவன் வேறு. அவன் இருபத்தாறு வயசுக்காரன், வெள்ளைச் சட்டை, இடதுகால் செருப்பில் வார் அறுந்திருக்கும். மூன்றாவது அத்தியாயத்தில் சும்மா ஒரு அடையாளத்துக்காக எழுதிவைத்த வார், அதை ஏன் எழுதினோம் என்று இப்போது அவர் தலையில் அடித்துக்கொள்ளாத நாளில்லை. ஏனென்றால் அந்தச் செருப்பு நடக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், வீடு அடங்கின நேரத்தில், சட்டக்... சட்டக்... என்று ஒரு கால் ஒழுங்காகவும் ஒரு கால் தரையில் அடித்துக்கொண்டும் சந்துக்குள்ளே வரும், வாசலில் நிற்கும், போய்விடும். முதலில் எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்த ஆள் என்று நினைத்தார். எதிர்வீடு காலியாகி எட்டு மாசம். காது டாக்டரிடம் காட்டினார், வயசாகிவிட்டது என்றார் டாக்டர், அது என்னவோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார், முழுசாக்கியும் பார்த்தார். அப்புறம்தான் மத்தியானத்தில் தாழ் போடுகிற பழக்கம் வந்தது. எழுதினவனுக்கே எழுதப்பட்டவனிடம் பயம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவன் வந்து என்ன கேட்பான் என்று அவருக்குத் தெரியும், அதுதான் பயம். நான் ரயிலை விட்டு இறங்கினேனே, இறங்கினவனை ஏன்யா திரும்ப ஏற்றி அனுப்பிவிட்டாய் என்று கேட்பான்.

அவரா அனுப்பினார். அச்சாபீஸ்காரர் அனுப்பினார். அல்லது பாரம் அனுப்பியது. அந்தக் காலத்தில் புத்தகம் என்றால் பாரக் கணக்கு, பதினாறு பக்கம் ஒரு பாரம், பன்னிரண்டு பாரத்தில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். நாவல் நூற்றுத் தொண்ணூற்று மூன்றாவது பக்கத்தில் இருபத்திரண்டு வரி போய் நின்றுவிட்டது. அச்சாபீஸ் ரங்கபாஷ்யம் இலாகாவுக்கே போன் பண்ணினார். "சார், இருபத்திரண்டு வரிக்காக இன்னொரு பாரம் ஏத்தச் சொல்றீங்களா? பேப்பர் விக்கிற விலையில? எங்கயாவது கொஞ்சம் கத்திரிங்க சார், வந்து பார்த்துட்டுப் போங்க." சற்குணம் அன்றைக்கு மேலதிகாரி வந்திருக்கிற பரபரப்பில் இருந்தார். "நீங்களே பார்த்து எடுத்துக்குங்க, உங்களுக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார். அந்த ஒரு வாக்கியத்தை வாழ்க்கை முழுவதும் வாயில் போட்டு மென்றாயிற்று, இன்னும் கரையவில்லை. ரங்கபாஷ்யத்துக்கு என்ன வந்தது, நடுவில் கைவைத்தால் எல்லாப் பக்கத்தையும் மாற்றிக் கட்ட வேண்டும், கடைசியில் எடுத்தால் கோத்த ஈய எழுத்தை அப்படியே நூல் கட்டி ஓரமாக வைத்துவிடலாம். எடுத்துவிட்டார். 'திரும்பிப் பார்க்கவில்லை' என்பதற்குக் கீழே ஒரு பூவைப் போட்டு முற்றும் என்று கோத்துவிட்டார். புத்தகம் கையில் வந்த அன்று சற்குணம் அச்சாபீஸ் வாசலில் நின்று கத்தினார், இரண்டு நாள் சாப்பிடவில்லை, சத்தியமாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு பத்திரிகையில் மதிப்புரை வந்தது. திரும்பிப் பார்க்காத முதல் தமிழ் மனிதன் என்று தலைப்பு. சற்குணம் அதை நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார், சாயங்காலம் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் கூட்டங்கள். சேலத்தில், பாளையங்கோட்டையில், ஒரு தடவை டெல்லித் தமிழர்கள் கூப்பிட்டு. என்னைப் பெற்றவர்கள் என்னைக் கேட்டுப் பெறவில்லை, ஆகவே நான் பதில் சொல்ல வேண்டியது எனக்கு மட்டும்தான் என்று வைரவன் ஏழாம் அத்தியாயத்தில் சொல்கிறானே, அதை மாணவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். குடும்பம் என்பது ஒரே ஆளை நாலு பேர் மாற்றி மாற்றி உடுத்திக்கொள்வது என்று அவன் சொன்னதை யாரோ விடுதிச் சுவரில் எழுதியிருந்தார்களாம். அதையெல்லாம் அவர் எழுதினது ஒரு பையனின் திமிருக்காக, கடைசியில் அந்தத் திமிர் தண்டவாளத்தில் நடந்து நடந்து தேய்வதற்காக. தேய்கிற இடம்தான் போய்விட்டதே. மேடையில் கேட்பார்கள், தனிமனிதன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்கிறீர்களா என்று. ஆமாம் என்பார். சொல்லச் சொல்லக் குரல் கனத்தது, நாலைந்து வருஷத்தில் அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இன்றைக்கு யோசித்தால் வேடிக்கைதான். எவன் சொல்லும் எனக்கு வேண்டாம் என்ற ஒருவனைப் படைத்துவிட்டு, அவனை அச்சாபீஸ்காரர் சொல்லுக்கு வெட்டி, மதிப்புரைக்காரர் சொல்லுக்கு அப்படியே விட்டுவைத்த ஆள். தனிமனிதனாம். இதில் சௌந்தரத்தை ஏமாற்ற முடியவில்லை, அதுதான் முள். அவர் மனைவி சௌந்தரம்தான் கையெழுத்துப் பிரதியை நகல் எடுத்தவள், அவர் எழுத்தைப் பார்த்து அச்சுக் கோப்பவர்கள் கும்பிடு போட்டதால் முழு நாவலையும் குழந்தை பரிதியை மடியில் போட்டுக்கொண்டு நீல மையில் எழுதிக் கொடுத்தவள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுப்படியிலிருந்து வந்து கேட்டாள். "ஏங்க, அவன் திரும்பி வர்ற இடத்தைக் காணோமே?" "நான்தான் எடுக்கச் சொன்னேன். இதுதான் சரியான முடிவு." அவள் அவரையே பார்த்தாள். சட்டியில் எண்ணெய் காய்ந்து புகைகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

சட்டக். சற்குணம் தலையைத் தூக்கினார். இல்லை, மின்விசிறி. மூன்று மணிக்குப் பத்து நிமிஷம். எழுதியதை எழுதியபடி விட்டுவிடலாம், குறிப்பு ஒன்றும் வேண்டாம்மா என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டால் முடிந்தது, இன்னொரு முப்பது வருஷத்துக்கு வைரவன் ரயிலில் போய்க்கொண்டிருப்பான், அதற்குள் இவரும் போய்விடுவார். எவ்வளவு சுலபம். நாற்பத்தொரு வருஷமாகச் சுலபமாகத்தானே இருந்தது, பரிதி போன நாளைத் தவிர. இருபத்தொரு வயசு அவனுக்கு, அவர் தேடிவைத்திருந்த இலாகா வேலைக்கு வர மாட்டேன் என்று மூன்று நாள் சண்டை, நாலாம் நாள் காலை தோளில் பையோடு இதே வாசலில் நின்றான். எங்கேடா போகிறாய் என்றால் விசாகப்பட்டினம், கப்பல் பழுது பார்க்கிற இடம். அம்மா உள்ளே இட்லித் தட்டோடு அப்படியே நிற்கிறாள். பெத்தவங்களுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போடா என்றார். அவன் சிரித்தான். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் போகிற சிரிப்பு. "நான் எவன் பிள்ளையுமில்லப்பா. நீங்க எழுதினதுதானே?" என்றான், போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியமாகத் திரும்பிப் பார்க்கவில்லை, தெருமுனை வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பை இருபத்து மூன்று வருஷமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறார். என் பையன் என் எழுத்தை வாழ்ந்து காட்டுகிறான் என்று ஒரு மூலையில் பெருமை வந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அவன் படித்தது முழுப் புத்தகம் இல்லை. பாதிப் பாலத்தை நம்பி ஏறிப் போன பிள்ளை. மீதி இருக்கிறதடா என்று ஒரு வார்த்தை தெருமுனைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் நின்றிருப்பானோ. கால் நகரவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போன் வரும், நல்லா இருக்கீங்களா, மாத்திரை போடறீங்களா, அம்மாகிட்ட குடுங்க.

அந்த அம்மாவும் போய் ஆறு வருஷம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், மூக்கில் குழாயோடு, சுற்றிலும் யாருமில்லாத ஒரு மத்தியானம், அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்தக் கடைசிப் பக்கம் இருக்குல்ல. அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க." சொல்கிறேன் என்றார். "நீங்களே" என்றாள் மறுபடியும், கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் இறந்தாள். பரிதி விமானம் பிடித்து வந்து கொள்ளி வைத்தான், மறுநாள் சாம்பல் கரைத்தான், பதினாறாம் நாள் வரைக்கும் இதே வீட்டில் இதே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டான். பதினாறு நாள். தினமும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார், இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்கோடா என்பார். அவனும் எதற்கோ காத்திருப்பவன் போல இலையை மூடாமல் உட்கார்ந்திருப்பான், அப்புறம் எழுந்து கை கழுவுவான். இப்போது தட்டில் கை வைத்தால் அந்தப் பதினாறு நாளும்தான் நெஞ்சில் வந்து நிற்கிறது. நீங்களே என்றாளே, ஏன் நீங்களே. அவளே ஒரு கடிதாசில் போட்டிருக்கலாமே, எழுத்துத்தான் அவ்வளவு அழகாயிற்றே. ஏன் நீங்களே.

மூன்றே கால். சற்குணம் எழுந்தார். எழுந்தது அவருக்கே ஆச்சரியம்தான். பீரோவின் அடித்தட்டில் துணியில் சுற்றியிருந்த நகல் பிரதியை எடுத்து மேசையில் வைத்து முடிச்சை அவிழ்த்தார். தாள்கள் ஓரம் பழுத்து, அச்சாபீஸ் மைவிரல் ரேகைகளோடு. நேராகக் கடைசிக்குப் போனார். 'வைரவன் திரும்பிப் பார்க்கவில்லை.' அதற்கடுத்த தாள் இல்லை. எண் போட்டிருந்தாள் சௌந்தரம், இருநூற்றெண்பது வரைக்கும் இருந்தது, இருநூற்றெண்பத்தொன்று இல்லை. திருப்பி வைத்து முதலிலிருந்து பார்த்தார், இல்லை. துணியை உதறினார், பீரோவுக்குள் தலையை விட்டார், பாச்சை உருண்டைதான் ஒன்று உருண்டு வந்தது. பேனாவை எடுத்துத் தாளின் வெள்ளையில் ஞாபகத்திலிருந்து எழுத உட்கார்ந்தார். வைரவன் அடுத்த ஸ்டேஷனில் இறங்கினான். சரி. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோடு நடந்தான். சரி, அப்புறம்? கத்தாழை இருந்ததே, தண்டவாளம் பார்க்கிற ஒரு கேங்மேன் பேசினானே, என்ன பேசினான்? கடைசியில் வீட்டுக் கதவுக்கு வந்துவிட்டான், அது நிச்சயம். நடுவில் இருந்ததெல்லாம் எங்கே போயிற்று? நாற்பத்தொரு வருஷம் அந்தப் பக்கத்துக்குப் பயந்து பயந்து வாழ்ந்தவருக்கு அதில் இருந்தது நாலு வரிக்கு மேல் தெரியவில்லை. பேனா நின்றது. வாசலில் சட்டக் என்றது, இந்தத் தடவை மின்விசிறி இல்லை, சட்டக்... சட்டக்... நின்றது. போகவில்லை, அவன் வழக்கம்போலப் போகவில்லை, நிற்கிறான். எழுந்து போய்த் திறக்கத் தைரியம் கிடையாது, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. கைக்கு எட்டினது போன்தான். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. பரிதி மூன்றாவது மணி அடிக்கும்போது எடுத்தான்.

"அப்பா? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணுமில்ல. ஒரு விஷயம் சொல்லணும்டா. கேட்டுட்டுத் திட்டு." மேசையில் கிடந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த நாவல்ல... வைரவன் போகலடா. இறங்கிடுவான். திரும்பி வந்துடுவான். அச்சுல விட்டுப்போச்சு. நான் அப்படியே விட்டுட்டேன். உன்கிட்டகூடச் சொல்லல. நீ அதைப் படிச்சுட்டுப் போனே, நான் பார்த்துக்கிட்டு நின்னேன்."

மறுமுனையில் இரும்பில் இரும்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் தூரமாயிற்று, அவன் எங்கோ ஒதுங்கி நடக்கிறான் போல.

"தெரியும்பா" என்றான்.

"என்னது?"

"நான் பன்னெண்டாவது படிக்கறப்பவே அம்மா அந்தத் தாளை என் புத்தகத்துல ஒட்டிக் குடுத்துட்டா. அதையும் படிச்சுட்டுத்தான் போனேன். புத்தகத்தைப் படிச்சுட்டு யாராச்சும் வீட்டை விட்டுப் போவாங்களாப்பா? எனக்கு அந்த வேலை பிடிக்கல, கப்பல் பிடிச்சுது. போனேன். ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். வாசல்ல அன்னைக்கு வேணும்னேதான் அப்படிக் கேட்டேன், நீங்க எழுதினதுதானேன்னு. இல்லடா, மீதி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பார்த்தேன். அம்மா போனப்பவும் பதினாறு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அதுக்கப்புறம் விட்டுட்டேன்."

சற்குணத்துக்கு அழுகை வந்தது, வெட்கமும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. தன் புத்தகம்தான் பிள்ளையைத் தூக்கிப்போயிற்று என்று இத்தனை வருஷமும் உள்ளுக்குள் புழுங்கினாரே, அந்தப் புழுக்கத்திலும் ஒரு கர்வம் ஒளிந்திருந்திருக்கிறது. அவன் வைரவனே இல்லை. அவன் பரிதி. தனக்குப் பிடித்ததைச் செய்யப் போனவன், அப்பன் வாயால் ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தவன். உதட்டோரச் சிரிப்பை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தும் அதில் இருந்த கேள்வி மட்டும் தெரியவில்லையே.

"அந்தத் தாள் இப்ப உன்கிட்ட இருக்கா?"

"புத்தகம் ரூம்லதான் இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க, கூப்பிடறேன்."

பத்து நிமிஷம் பன்னிரண்டாயிற்று. அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் வாசலில் சத்தமில்லை, போனதாகவும் சத்தமில்லை. பரிதி கூப்பிட்டான், படித்தான், அவர் எழுதினார். கத்தாழை வந்தது. கேங்மேன் வந்தான், எங்க தம்பி இந்த வெயில்ல என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான். எழுத எழுத, அட, இவ்வளவு சின்ன வார்த்தைகளையா எழுதினோம் என்று இருந்தது. பரிதிக்குப் படிக்கிறபோது சௌந்தரத்தின் நிதானம், ஒவ்வொரு கமாவிலும் நிற்கிறான். வைரவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். அதோடு சரி, சற்குணம் பேனாவைத் தாளிலிருந்து எடுத்தார்.

"இன்னும் ரெண்டு வரி இருக்குப்பா" என்றான் பரிதி. "மேல எல்லாம் மங்கின நீல மை. இது மட்டும் பால்பாயிண்ட் பேனாவில இருக்கு."

"படி."

"'தட்ட வேண்டிய வேலை இல்லை. கதவுக்கு அம்மா தாழே போட்டிருக்கவில்லை.'"

சற்குணம் எழுதவில்லை. அவருடைய வாக்கியமில்லை அது. அவராக இருந்தால் இன்னும் நாலு கனமான சொல்லைத் தூக்கிப் போட்டிருப்பார். பரிதி போன பிறகு சௌந்தரம் பகலில் கதவுக்குத் தாழ் போடுவதை விட்டுவிட்டாள். திருடன் வந்து உட்கார்ந்திருக்கப் போறான் என்று அவர் எத்தனை தடவை கத்தியிருக்கிறார். வரட்டும் என்பாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்" என்றார், எழுதினார். இருபத்திரண்டுக்குக் கீழே இரண்டு. மணி மூன்று ஐம்பது, ஜெசிந்தாவுக்குப் படம் எடுத்து அனுப்ப நேரம் இருந்தது, அனுப்பினார். இவ்வளவும் சேர்க்கணும்மா, ஒரு எழுத்து குறையக்கூடாது என்று கூடவே தட்டினார். பரிதி இணைப்பில்தான் இருந்தான்.

"அப்பா."

"சொல்லுடா."

"இப்ப வாசக்கதவு தாழ் போட்டிருக்கா?"

இல்லை என்றுதான் நாக்கு எழுந்தது, பழக்கப்பட்ட நாக்கு. சற்குணம் அதை விழுங்கினார்.

"போட்டிருக்குடா" என்றார். "இரு. வச்சுடாத."

அவர் எழுந்து போனார். நடையில் இருட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் நிற்கட்டும் என்று நினைத்துக்கொண்டார். தாழ் இறுகிப் போயிருந்தது, ஒரு கையால் வரவில்லை. போனைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார். தரையிலிருந்து சின்னதாக, "மெதுவாப்பா, மெதுவா" என்று பரிதியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.